கடைசி ஊருக்கு இணையம்: நெடுந்தூர டவரா, செயற்கைக்கோளா?

சாலையும் மின்கம்பியும் பிந்தி வரும் ஊர்களுக்குத் தகவல் தொடர்பை எந்த வழியில் கொண்டுசேர்ப்பது? இந்தியாவில் இந்தக் கேள்விக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. ஒவ்வொரு தலைமுறைப் பொறியாளர்களும் ஒரு விடை சொல்லியிருக்கிறார்கள். சிலர் வானத்தைக் காட்டினார்கள். சிலர் உயரமான ஒரு கம்பத்தை நட்டு, அதன் வீச்சை நீட்டினால் போதும் என்றார்கள். தாழ்வட்டப்பாதைச் செயற்கைக்கோள் நிறுவனங்கள் இந்தியச் சந்தையின் வாசலுக்கு வந்திருக்கும் இந்நேரத்தில் பழைய வழக்கு மறுபடி விசாரணைக்கு வந்திருக்கிறது. செல்பேசி டவர் எட்டும் தூரத்தைக் கூட்டினாலே கிராமத்தின் இணையத் தேவை தீர்ந்துவிடுமா, செயற்கைக்கோள் தவிர்க்க முடியாததா?

இரு தரப்பும் சொன்னதையும், அது களத்தில் என்ன ஆனது என்பதையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று புலப்படுகிறது. அலை எவ்வளவு தூரம் போகும் என்பதைப் பற்றியே விவாதம் பெரும்பாலும் நடந்திருக்கிறது. திட்டங்கள் நின்றுபோனதோ பெரும்பாலும் வேறு காரணங்களால்.

வானத்தைக் காட்டியவர்கள்

பூமிக்கு மேலே ஒரே இடத்தில் நிற்பதுபோல் சுற்றும் செயற்கைக்கோள்கள் மூலம் உலகம் முழுவதற்கும் ஒலிபரப்பலாம் என்று ஆர்தர் சி. கிளார்க் 1945இல் எழுதினார். பின்னாளில் அவர் இலங்கையில் குடியேறினார். அந்த எண்ணத்தைக் கிராமத்துக்கு இறக்கிப் பார்த்த முதல் பெரிய முயற்சி இந்தியாவில் நடந்தது. விக்ரம் சாராபாய் முன்னெடுத்து, 1969இல் நாசாவுடன் கையெழுத்தான ஒப்பந்தத்தின்படி, 1975 ஆகஸ்ட் 1 முதல் ஓராண்டுக் காலம் ஏ.டி.எஸ்.-6 என்ற அமெரிக்கச் செயற்கைக்கோள் வழியாக ஆறு மாநிலங்களின் 2400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் நேரடியாக அனுப்பப்பட்டன. 'சைட்' என்று பெயர் பெற்ற இத்திட்டத்துக்காக இஸ்ரோ பொறியாளர்கள் கோழிக்கூண்டு வலைக்கம்பியில் ஆன்டெனா செய்தார்கள். அதற்குப் பயன்பட்ட அலைவரிசை 860 மெகாஹெர்ட்ஸ். இன்றைய செல்பேசி டவர்கள் பேசும் அலைவரிசைகளுக்குப் பக்கத்து வீடு அது.

இடையில் டவரோ கம்பியோ தேவையில்லாமல் ஒரே தாவலில் கடைசி ஊரை அடையலாம் என்ற வாதத்தின் வலிமை அன்றே தெரிந்தது. பலவீனமும் அன்றே தெரிந்தது. ஓராண்டு முடிந்ததும் செயற்கைக்கோள் அதன் உரிமையாளர் விருப்பப்படி வேறிடத்துக்கு நகர்த்தப்பட்டது. இந்தியா சொந்தமாக இன்சாட் வரிசையை உருவாக்கியதற்கு அந்த அனுபவமும் ஒரு காரணமாக இருந்திருக்கக்கூடும்.

தொலைக்காட்சி ஒருவழிப் பாதை. இணையம் கேள்வியும் பதிலுமாக ஓடுவது. 35,786 கிலோமீட்டர் உயரத்திலுள்ள செயற்கைக்கோளுக்குக் கேள்வி சென்று திரும்பி, பதிலும் அதே வழியில் வந்து சேர அரை நொடி பிடிக்கிறது. ஒளியின் வேகத்தைக் கூட்ட யாராலும் முடியாது என்பதால் இந்தத் தாமதத்துக்கு மருந்தில்லை. வகுப்புகளுக்கான எஜுசாட் செயற்கைக்கோள் 2004இல் ஏவப்பட்டது. 2024 நவம்பரில் ஏவப்பட்ட ஜிசாட்-என்2 நொடிக்கு 48 ஜிகாபிட் கொள்ளளவு கொண்டது. கொள்ளளவு கூடியிருக்கிறது, தாமதம் அப்படியேதான் இருக்கிறது. மருத்துவ ஆலோசனைக்கும் வகுப்புக்கும் அதைப் பொறுத்துக்கொள்ளலாம். நாள் முழுக்க இணையத்தில் வேலை பார்ப்பவருக்கு அது பெரும் தொல்லை.

தரையைக் காட்டியவர்கள்

தரைவழி விடைகளின் வரலாற்றில் தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் தனி இடம் உண்டு. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998இல் புதுச்சேரிப் பகுதியில் கிராம அறிவு மையங்களைத் தொடங்கியது. வில்லியனூர் மையமாக நின்று, சுற்றியுள்ள ஊர்களோடு வானொலிக் கருவிகள் மூலம் பேசியது. மின்சாரத்துக்குச் சூரியத் தகடுகள். வீராம்பட்டினம் மீனவர்களுக்குக் கடல் அலையின் உயரம் பற்றிய முன்னறிவிப்பு ஒலிபெருக்கியில் சொல்லப்பட்டது. இணையம் ஒரே இடத்தில், அங்கிருந்து ஊருக்கு வானொலி, ஊருக்குள் குழாய் ஒலிபெருக்கி. தொழில்நுட்பப் பெருமை இதில் அதிகமில்லை. ஆனால் கரையிலிருந்தவருக்குக் காலையில் எது வேண்டுமோ அது கிடைத்தது.

சென்னை ஐ.ஐ.டி.யில் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழு உருவாக்கிய கார்டெக்ட், இன்னும் பெரிய கனவு. வீட்டுக்குள் பயன்படும் கம்பியில்லாத் தொலைபேசிக்கென ஐரோப்பா வகுத்த டெக்ட் தரத்தை எடுத்து, பத்து கிலோமீட்டர் ஆரத்துக்கு நீட்டினார்கள். இடையில் அலையை வாங்கித் திருப்பி அனுப்பும் ஒரு நிலையம் வைத்தால் இருபத்தைந்து கிலோமீட்டர். குரலுக்குத் தனி வழியும் இணையத்துக்கு நொடிக்கு 35 அல்லது 70 கிலோபிட்டும் கிடைத்தன. ஊருக்கு ஒரு கணினி நிலையம், அதை நடத்த உள்ளூர்க்காரர் ஒருவர் என்ற ஏற்பாட்டை என்-லாக் நிறுவனம் பரப்பியது. மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரத்தில் 2001 வாக்கில் தொடங்கிய 'சாரி' திட்டம் இதே கருவியில் நின்றது.

மேலூர் நிலையங்களில் பெரும்பாலானவை சில ஆண்டுகளில் மூடப்பட்டன. அதைப் பின்தொடர்ந்து ஆராய்ந்தவர்கள் சுட்டியவை, நடத்தியவர்களுக்கு வருமானம் கட்டவில்லை என்பதும், பழுதானால் தொழில்நுட்ப உதவி தொடர்ந்து கிடைக்கவில்லை என்பதும், ஆர்வம் காட்டிய அதிகாரிகள் மாறியதும் அரசுச் சேவைகள் நின்றுபோயின என்பதும்தான். இதற்குள் ஜி.எஸ்.எம். செல்பேசி மலிந்து, கார்டெக்டின் தேவையையே ஓரளவு விழுங்கிவிட்டது. உள்நாட்டில் உருவான ஒரு நெடுந்தூரக் கருவி இப்படி முடிந்தது வருத்தம் தருவது. ஆனால் அதன் அலை ஊரை எட்டாததால் இது நடக்கவில்லை.

தேனியில் நடந்தது இன்னொரு வகை. அரவிந்த் கண் மருத்துவமனையும் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் எரிக் புரூவர் தலைமையிலான குழுவும் சேர்ந்து, சாதாரண வைஃபை கருவிகளைப் பல கிலோமீட்டர் தூரத்துக்குப் பேசவைத்தார்கள். வைஃபை வீட்டுக்குள் பேசுவதற்காகப் பிறந்தது. ஒரு பொட்டலத்தை அனுப்பியதும் 'கிடைத்தது' என்ற பதிலை உடனே எதிர்பார்க்கும், சற்றுத் தாமதித்தால் தொலைந்துவிட்டதாக எண்ணித் திரும்ப அனுப்பும். குழு அந்த விதியை மாற்றி, இரு முனைகளும் முறைவைத்துப் பேசும்படி செய்தது. கிராமப் பார்வை மையத்தில் உட்கார்ந்திருக்கும் நோயாளியைத் தேனியிலுள்ள மருத்துவர் காணொளியில் பார்க்க முடிந்தது. இணைப்பைத் தொடர்ந்து ஓட்டும்போது அவர்கள் மல்லுக்கட்டியது தூரத்தோடு அல்ல. ஏறி இறங்கும் மின்னழுத்தம் கருவிகளைத் தின்றது.

தூரத்தின் கணக்கு

செல்பேசி அலை எவ்வளவு தூரம் போகும்? பழைய ஜி.எஸ்.எம்.மில் நேர ஒழுங்குக்காக வைத்த விதியே 35 கிலோமீட்டரில் சுவர் எழுப்பியது. 4ஜி விதிமுறை சுமார் 100 கிலோமீட்டர் வரை இடம் தருகிறது. ஆஸ்திரேலியாவின் டெல்ஸ்ட்ரா 2019இல் எரிக்சனோடு சேர்ந்து அதை 200 கிலோமீட்டருக்கு நீட்டியதாக அறிவித்தது. இவை விதி தரும் எல்லைகள். இயற்கை தரும் எல்லை வேறு.

பூமி உருண்டை. 40 மீட்டர் உயர டவரின் அலைக்குத் தொடுவானம் ஏறக்குறைய 26 கிலோமீட்டரில். பெறுபவர் பத்து மீட்டர்க் கம்பத்தின்மேல் ஆன்டெனா வைத்தால் இன்னும் 13 கிலோமீட்டர் கூடும். நடுவில் குன்றோ தோப்போ இருந்தால் இந்தக் கணக்கு உடையும். 700 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலைவரிசைகள் மரத்தையும் சுவரையும் ஓரளவு ஊடுருவும், மேட்டை ஓரளவு வளைந்து கடக்கும். கிராமத்துக்கு அவற்றை விரும்புவது அதனால்தான்.

அடுத்த தடை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. டவர் பல பத்து வாட் திறனில் பேசுகிறது. கைபேசி வழக்கமாக அதிகபட்சம் 0.2 வாட்டில் பதில் சொல்கிறது. டவர் கூவுவது ஊருக்குக் கேட்கும், கைபேசி முணுமுணுப்பது டவருக்குக் கேட்காது. திரையில் இரண்டு கோடு சிக்னல் காட்டியும் ஒரு படத்தை அனுப்ப முடியாமல் தவிக்கும் மலைக்கிராமத்து மாணவர் அனுபவிப்பது இதைத்தான். நெடுந்தூர செல்பேசி இணையம் என்றால், நடைமுறையில், வீட்டுக் கூரைமேல் டவரைப் பார்த்துத் திருப்பிவைத்த ஆன்டெனா என்றே பெரும்பாலும் பொருள். கையில் வைத்திருக்கும் போன் மட்டும் போதாது.

மூன்றாவது தடை கூட்டம். மூன்று கிலோமீட்டர் ஆரத்துக்குச் சேவை தரும் டவர் 28 சதுர கிலோமீட்டரை மூடுகிறது. ஆரத்தைப் பன்னிரண்டாக்கினால் 452 சதுர கிலோமீட்டர், பதினாறு மடங்கு. கையிலுள்ள அலைக்கற்றை மட்டும் கூடவில்லை. 10 மெகாஹெர்ட்ஸ் அலைக்கற்றையில் ஒரு திசைக்கு சராசரியாக நொடிக்கு 15 முதல் 20 மெகாபிட் என்று தோராயமாக வைத்துக்கொண்டால், டவரின் மூன்று திசைக்கும் சேர்த்து நாற்பத்தைந்து முதல் அறுபது. அதைச் சில பத்துப் பேர் பங்கிட்டால் காணொளி ஓடும், சில நூறு பேர் பங்கிட்டால் திணறும். ஆள் நெருக்கமில்லாத நாட்டில் தூரத்தை நீட்டுவது லாபம். தமிழகச் சமவெளியில் பன்னிரண்டு கிலோமீட்டர் ஆரத்துக்குள் பல ஆயிரம் குடும்பங்கள் இருக்கும். அங்கே டவரை நீட்டுவதைவிட அடர்த்தியாக நடுவதே முறை.

ஆறு கிலோமீட்டர் வாதம்

இந்த நிலைமைக்கென்றே பிறந்த இந்திய வாதம் ஒன்று உண்டு. 5ஜிக்கான உலகத் தேர்வுமுறை வகுக்கப்பட்டபோது, கிராமத்துக்கான சோதனைகள் டவர்கள் ஏறக்குறைய 1.7 கிலோமீட்டருக்கு ஒன்று நிற்பதாகவும், பயன்படுத்துவோரில் பலர் வேகமாக வண்டியில் போவதாகவும் எண்ணிக்கொண்டன. நம் கிராமத்தில் அவ்வளவு டவருக்குப் பணமில்லை, மக்களும் வீட்டிலோ வயலிலோ இருந்தபடிதான் பயன்படுத்துகிறார்கள் என்று இந்தியத் தர அமைப்பான டி.எஸ்.டி.எஸ்.ஐ. வாதாடியது. டவர்களுக்கிடையே 6 கிலோமீட்டர், பயனர்கள் பெரும்பாலும் நடைவேகத்தில் என்ற சோதனையையும் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2017இல் ஏற்றுக்கொண்டது. ஊராட்சித் தலைமையிடத்துக்கு ஃபைபர் வந்தால், அங்கே ஒரு டவர் நட்டு சுற்றியுள்ள குக்கிராமங்களை மூன்று கிலோமீட்டர் ஆரத்துக்குள் அணைத்துக்கொள்ளலாம் என்பது இதன் பின்னுள்ள எண்ணம்.

சென்னை ஐ.ஐ.டி., அங்குள்ள செவிட் ஆய்வு மையம், ஐதராபாத் ஐ.ஐ.டி. ஆகியவை இதற்காக முன்வைத்த '5ஜிஐ' முறையின் உயிர்நாடி, மேலே சொன்ன முணுமுணுப்புச் சிக்கலுக்கான தீர்வு. அலையின் வடிவத்தைச் சீராக்கி, கைபேசியின் பெருக்கி வழக்கத்தைவிட அதிகத் திறனில் சிதைவில்லாமல் பேசும்படி செய்வது. தனித் தரமாக நின்றால் கருவிகளின் விலை ஏறும் என்று செல்பேசி நிறுவனங்கள் எதிர்த்தன. அந்த அச்சத்திலும் நியாயம் இருந்தது. முடிவில் 5ஜிஐயின் கூறுகள் உலகப் பொதுத்தரத்தின் 17ஆம் வெளியீட்டில் கரைக்கப்பட்டன. செயற்கைக்கோள் வழி 5ஜிக்கான விதிகளும் அதே 17ஆம் வெளியீட்டில்தான் முதன்முறையாக நுழைந்தன. எதிரெதிர் விடைகளாகப் பேசப்பட்ட இரண்டும் ஒரே ஏட்டில் அடுத்தடுத்த அத்தியாயங்களாகிவிட்டன.

அலைக்கற்றையின் விலை இந்த வாதத்தை நெடுநாள் முடக்கிவைத்தது. கிராமத்துக்கு மிகவும் ஏற்ற 700 மெகாஹெர்ட்ஸ் 2016 ஏலத்தில் ஒரு மெகாஹெர்ட்ஸுக்கு 11,485 கோடி ரூபாய் என்று குறிக்கப்பட்டு, வாங்க ஆளில்லாமல் கிடந்தது. 2021இலும் அதே கதை. 2022இல் விலை 3,927 கோடிக்கு இறங்கியதும் ஜியோ வாங்கியது. ஆறு ஆண்டுகள் அந்த அலை காற்றில் சும்மா இருந்தது. இடையில் வந்தன கொரோனாக் கால இணையவழி வகுப்புகள்.

ஆஸ்திரேலியாவில் எல்லைக்கோடு நகர்ந்த விதம்

நெடுந்தூர செல்பேசி செயற்கைக்கோளுக்கு மாற்றாகுமா என்பதற்கு மிக நேரடியான சான்று ஆஸ்திரேலியாவில் கிடைக்கிறது. அந்நாட்டு அரசின் என்.பி.என். அமைப்பு நகரத்துக்குக் கம்பி, புறநகர் தாண்டினால் 4ஜி வழிக் கூரை ஆன்டெனா, அதற்கும் அப்பால் 'ஸ்கை மஸ்டர்' செயற்கைக்கோள் என்று நாட்டைப் பிரித்தது. 2015இலும் 2016இலும் ஏவப்பட்ட இரு செயற்கைக்கோள்களின் தாமதமும் மாதாந்தரத் தரவு வரம்பும் பண்ணைக் குடும்பங்களின் நீண்டநாள் புகார். 2022இல் அறிவிக்கப்பட்ட மேம்பாடு டவர்களின் வீச்சை 14 கிலோமீட்டரிலிருந்து 29 வரை நீட்டி, செயற்கைக்கோளை நம்பியிருந்த சுமார் 1,20,000 இடங்களை டவரின் கைக்குள் கொண்டுவர முனைந்தது. டவர் வாதம் வென்ற இடம் இது.

ஆனால் முழுமையாக அல்ல. மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட இடங்கள் இன்னும் டவருக்கு அப்பால்தான். அவற்றுக்கு 2025இல் என்.பி.என். தேர்ந்தெடுத்தது அமேசானின் தாழ்வட்டப்பாதைச் செயற்கைக்கோள்களை. கோடு நகர்ந்தது, அழியவில்லை. இதை இந்தியாவுக்கு அப்படியே பொருத்தவும் முடியாது. அங்கே கூரை ஆன்டெனாவுக்கும் அதைப் பொருத்தும் ஆளுக்கும் அரசு அமைப்பே செலவு செய்கிறது. சமதரையான பண்ணை நிலத்தில் 29 கிலோமீட்டர் தரும் டவர், கல்வராயன் மலையின் மடிப்புகளில் மூன்று கிலோமீட்டர் தருவதே அரிது.

தாழ்ந்து வந்த வானம்

சில நூறு கிலோமீட்டர் உயரத்தில் ஆயிரக்கணக்கான செயற்கைக்கோள்களை ஓடவிடும் ஸ்டார்லிங்க், வான்வழி வாதத்தின் பழைய நோயைப் பெருமளவு குணப்படுத்திவிட்டது. தாமதம் அரை நொடியிலிருந்து சில பத்து மில்லிநொடிக்கு இறங்கியிருக்கிறது. இலங்கையில் 2025 ஜூலையில் சேவை தொடங்கியது. இந்தியாவில் அதற்கு முந்தைய மாதம் உரிமம் கிடைத்தது. இவ்வகைச் சேவையின் அலைக்கற்றையை ஏலமில்லாமல் ஒதுக்க 2023 தொலைத்தொடர்புச் சட்டம் வழிவிட்டது. அதற்கு வருவாயில் 4 சதவீதம் கட்டணம் வாங்கலாம் என்று 2025 மே மாதம் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் பரிந்துரைத்தது. ஏலத்தில் கோடிகளைக் கொட்டிய செல்பேசி நிறுவனங்கள் இதைச் சமமற்ற போட்டி என்றன. அதே நிறுவனங்களில் இரண்டு, ஏர்டெல்லும் ஜியோவும், அதே ஆண்டு மார்ச்சில் ஸ்டார்லிங்க் கருவிகளை விற்பதற்கு ஒப்பந்தம் செய்துகொண்டன. சந்தையே இதைப் போட்டியாக மட்டும் பார்க்கவில்லை என்பதற்கு இது அடையாளம்.

பலவீனங்கள் மிச்சமிருக்கின்றன. வழக்கமான டிஷ் ஐம்பது வாட்டுக்கு மேல் மின்சாரம் கேட்கிறது, மின்சாரம் நிலையில்லாத வீட்டில் அது சிறிய சுமையல்ல. திறந்த வானம் வேண்டும், மேற்குத் தொடர்ச்சி மலையின் காட்டு ஊர்களில் மரக்கிளைகளே மறைக்கும். அடைமழை இந்த உயர் அலைவரிசைகளை நலியச் செய்யும். ஒரு கற்றை விழும் பரப்பிலும் கூட்டம் கூடினால் வேகம் குறையும், டவருக்குச் சொன்ன கணக்கு வானத்துக்கும் பொருந்தும். ஒரு ஜிபி ஏறத்தாழ பத்து ரூபாய்க்குக் கிடைத்துப் பழகிய நாட்டில் கருவியின் விலையே பெரிய தடை. பஞ்சாயத்துக்கு ஒரு டிஷ் வைத்து ஊரே பகிர்ந்துகொண்டால் இது மாறலாம். அப்போது மேலூரில் எழுந்த கேள்விகள் திரும்ப வரும்: யார் நடத்துவது, பழுதானால் யார் பார்ப்பது? அத்துடன் உரிமையும் கட்டுப்பாடும் வெளிநாட்டில். 2025 ஜூலை 24 அன்று ஸ்டார்லிங்க் உலகம் முழுவதும் இரண்டரை மணி நேரம் போல முடங்கியது. தரைவழி வலையமைப்பும் முடங்காததல்ல. 2023 நவம்பரில் ஆஸ்திரேலியாவின் ஆப்டஸ் பல மணி நேரம் படுத்தது. ஆனால் அதை உள்நாட்டு ஆணையம் கேள்வி கேட்க முடிந்தது.

டவருக்குப் பின்னால்

டவரையும் கைபேசியையும் பற்றிய பேச்சில் மறைந்துபோவது டவருக்குப் பின்னாலுள்ள இணைப்பு. அந்தமான் இதற்குக் கண்கூடான சாட்சி. அங்கே டவர்களும் கைபேசிகளும் நெடுங்காலமாக இருந்தன. தீவு முழுவதும் செயற்கைக்கோளின் குறுகிய வழியில் வெளியுலகை அடைந்ததால் வேகம் நகர்ந்தபாடில்லை. 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து சுமார் 2,300 கிலோமீட்டர்க் கடலடிக் கம்பி வந்ததும் அதே ஊர், அதே கைபேசி, வேறு இணையம். டவரின் வீச்சை எவ்வளவு நீட்டினாலும் அதன் பின்வாசல் குறுகலாக இருந்தால் பயனில்லை.

அந்தப் பின்வாசலை அகலமாக்கும் முயற்சிகளும் நடக்கின்றன. ஊராட்சிகளுக்கு ஃபைபர் கொண்டுபோகும் திட்டம் 2011இல் ஒப்புதல் பெற்று, பாரத்நெட் ஆகி, தமிழ்நாட்டில் டான்ஃபிநெட் வழியாக 12,525 ஊராட்சிகளைக் குறிவைத்தது. 4ஜி எட்டாத 24,680 ஊர்களுக்கு டவர் என்ற திட்டத்துக்கு 2022இல் 26,316 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. இந்த டவர்களில் ஃபைபர் போக முடியாதவை செயற்கைக்கோள் வழியாகவே வெளியுலகோடு பேசுகின்றன. ஊருக்கு டவர், டவருக்கு செயற்கைக்கோள். வீட்டுக்கு வீடு டிஷ் என்பதைவிட ஏழை ஊருக்கு இந்தக் கூட்டுமுறையே இப்போதைக்கு அதிகம் பொருந்துவதாகத் தோன்றுகிறது. செலவு ஊர் முழுவதற்கும் பகிர்ந்துவிடுகிறது, கையில் ஏற்கெனவே இருக்கும் போனே போதும். தரையில் டவரே இல்லாத வழியும் முயலப்பட்டது: 2023இல் மாற்றம் எதுவும் செய்யப்படாத கைபேசியிலிருந்து ஏ.எஸ்.டி. நிறுவனத்தின் செயற்கைக்கோள் வழியாக நேரடியாகக் குரல் அழைப்பு நடந்தது. கைபேசியின் கண்ணில் அந்தச் செயற்கைக்கோளும் ஒரு டவர்தான், பல நூறு கிலோமீட்டர் உயரத்தில் நட்டது.

மின்சாரமும் பராமரிப்பும் எல்லா விடைகளுக்கும் பொது. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறி லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்தது. சாயாத டவர்களும் பேட்டரி இறங்கி, டீசல் தீர்ந்து ஊமையாயின. அப்படியொரு நாளில் தரையை நம்பாத இணைப்பு உயிர் காக்கும். ஒக்கி புயலின்போது நடுக்கடலில் இருந்த மீனவர்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேராத துயரத்துக்கும் டவரிடம் விடையில்லை. கரையிலிருந்து சில பத்து கிலோமீட்டரில் அதன் குரல் ஓய்ந்துவிடும். ஆழ்கடலுக்குச் செயற்கைக்கோள்தான் என்பதில் இரு தரப்புக்கும் வேறுபாடில்லை.

இன்னும் விடை காணாதவை

கிடைக்கும் சான்றுகளை வைத்து இவ்வளவு சொல்லலாம். டவரிலிருந்து நேர்ப்பார்வை கிடைக்கிற, சில நூறு வீடுகள் சேர்ந்திருக்கிற, அருகில் ஃபைபர் வந்திருக்கிற ஊருக்கு நெடுந்தூர செல்பேசி இணையம் செயற்கைக்கோளைவிட மலிவானதாகவும் கொள்ளளவு மிக்கதாகவும் இருக்க வாய்ப்பு அதிகம். சிதறிய வீடுகள், மலை மடிப்பு, கடல், பேரிடர் ஆகியவற்றில் செயற்கைக்கோளின் வாதம் வலுவானது. இடைப்பட்ட ஊர்கள்தாம் சிக்கல். இந்தியாவில் அத்தகைய ஊர்கள் ஏராளம்.

அவற்றைப் பொறுத்தவரை சில கேள்விகள் திறந்தே இருக்கின்றன. 17ஆம் வெளியீட்டில் கரைந்த 5ஜிஐ நுட்பங்களைக் கைபேசித் தயாரிப்பாளர்கள் மலிவான கருவிகளில் உண்மையிலேயே சேர்ப்பார்களா? 700 மெகாஹெர்ட்ஸை வாங்கியவர்கள் அதை மலைக்கிராமத்துக்குச் செலவிடுவார்களா, நகரத்துக் கட்டடங்களுக்குள் சிக்னல் சேர்க்கவா? கூரை ஆன்டெனாவின் விலையை யார் ஏற்பது என்பதற்கு ஆஸ்திரேலியாவில் ஒரு விடை உண்டு. இந்தியாவில் கிராமத் தொலைத்தொடர்புக்கென்றே திரட்டப்படும் நிதி டவருக்கும் ஃபைபருக்கும் போகிறது, வீட்டின் கூரைவரை பெரும்பாலும் போவதில்லை. புலிகள் காப்பகத்துக்குள் இருக்கும் பழங்குடிக் குடியிருப்புகளுக்கு டவரும் மின்கம்பியும் வனத்துறை அனுமதிக்காகக் காத்திருக்கும்போது, கூரையில் பொருத்தும் டிஷ்ஷை ஓர் உரிமையாக அரசு வழங்குமா என்பதும் இன்னும் முடிவாகவில்லை. நட்ட டவர் ஆண்டில் எத்தனை நாள் உயிரோடிருந்தது என்ற கணக்கு ஊர்வாரியாக ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டப்பட்டால், இந்த விவாதத்தில் ஊர்க்காரர்களும் எண்களோடு பேசலாம்.